வழியில் நின்றால் என்ன? பழைய பிரிட்டிஷ் கார்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1958-ம் வருட மோரிஸ் மைனரில் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடி வரை போய் வந்ததாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பழைய வண்டி வழியில் நிற்கவே இல்லையா?
- சேலம் வாசகர்

நின்றது. பெர்த் நகரம் தாண்டி ஏ9 சாலையில் வடக்கே போகும்போது, டிரமாக்டர் கணவாய் ஏற்றத்தில் என்ஜின் ஒருமுறை திக்கிவிட்டு அடங்கிவிட்டது. ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, பானெட்டைத் திறந்து, சாவியை மட்டும் போட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். மைனரில் பெட்ரோலை இழுத்துத் தருவது ஒரு மின்சாரப் பம்ப். என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகரத் தடுப்பிலேயே அதைப் பொருத்தியிருப்பார்கள். சாவி போட்டதும் டிக் டிக் டிக் என்று அடித்துவிட்டு, கார்புரேட்டர் நிரம்பியதும் சத்தம் நின்றுவிடும். அன்றைக்கு ஒரு டிக் கூட இல்லை. அதனால் கோளாறு எங்கே என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. பம்ப்புக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பாயிண்ட் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் பம்ப்பின் உலோக உடம்பில் லேசாக இரண்டு தட்டுத் தட்டினேன் (முனையில் இருக்கும் பேக்கலைட் மூடியில் தட்டக் கூடாது, உடைந்துவிடும்). டிக் டிக் வந்துவிட்டது. இரவு தங்கிய ஊரில் மூடியைக் கழற்றிப் பாயிண்டைச் சுத்தம் செய்தேன், அப்புறம் திரும்பி வரும்வரை தொந்தரவு இல்லை.

948 சிசி என்ஜின், 37 குதிரைத்திறன், மணிக்கு 80 கிலோமீட்டரில் நிதானமாகப் போகும். இந்த வேகத்துக்குள் ஓட்டினால் நாள் முழுக்க ஓடும். வழியில் நிற்பதை நான் பயணத்தின் தோல்வியாக நினைப்பதே இல்லை. எங்கே நின்றாலும் கையில் இருக்கும் சாமானை வைத்துச் சரிசெய்யலாம் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்ட வண்டிகள் இவை. அதனால்தான் எனக்கு இவற்றின்மேல் இவ்வளவு பிரியம்.

கேள்வி: தெருவோரம் ஒரு மைனரின் முன் சக்கரம் அப்படியே மடிந்து, வண்டி மூக்குக் குத்திக் கிடக்கும் படத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். விபத்தா?
- தஞ்சாவூர் வாசகி

மோதல் எதுவும் நடந்திருக்காது. மைனர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. முன் சக்கரத்தைத் தாங்கும் கிங்பின்னின் கீழ்முனையில் திருகு மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் என்ற துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகினால் கொஞ்சம் ஏறி இறங்குமே, அப்படி நீங்கள் ஸ்டியரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மரை டிரனியனுக்குள் திரும்பிக்கொண்டே இருக்கும். அதற்குக் கிரீஸ் வேண்டும். கிரீஸ் அடிக்க நிப்பிள் வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கத்துக்குச் சில நிமிட வேலைதான். அதை விட்டுவிட்டால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், மரை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப்பட்டு, ஒரு நாள் பிடிமானமே இல்லாமல் கழன்றுவரும். சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்துவிடும். பெரும்பாலும் வண்டியை நிறுத்த ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது, மெதுவாகப் போகையில் இது நடக்கும் என்பதால் பலருக்கு அடிபடாமல் தப்பித்திருக்கிறது. வேகமாகப் போகும்போது நடக்கவே நடக்காது என்று யாரும் உறுதி தர முடியாது.

நான் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கிறேன். அதுவும் சக்கரத்தைத் தூக்கிவைத்து, எடை இறங்காமல். கிரீஸ் கன்னை அழுத்த அழுத்தப் பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து, கடைசியில் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கவேண்டும். அதைக் கண்ணால் பார்க்கிறவரை நிறுத்துவதில்லை. பழைய மைனர் வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் குனிந்து அந்த நிப்பிளைப் பாருங்கள். அது காய்ந்து, துருவேறி, மண் அப்பியிருந்தால் விற்கிறவர் என்ன சொன்னாலும் நம்பவேண்டாம்.

டிரயம்ஃப் ஹெரால்டிலும் டிரனியன் உண்டு, ஆனால் அதற்குக் கிரீஸ் இல்லை, கியர் ஆயில். கெட்டி கிரீஸ் போட்டால் மரை முழுக்கப் பரவாமல் நின்று, ஈரம் புகுந்து, துருப்பிடித்த இடத்தில் தண்டே முறியக்கூடும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அதே குடும்பம்தான், இன்னும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் மினி நின்றுவிடும் என்கிறார்களே? மழை ஊரில் செய்த காரா இப்படி?
- நாகர்கோவில் வாசகர்

உண்மைதான். 1959-ல் வந்த மினியில் அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார். பத்தடி நீளக் காரில் நாலு பேர் உட்கார முடிந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் அப்படித் திருப்பியதில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. முன்னால் போகும் லாரி வாரியடிக்கும் தண்ணீர் நேராக அதன்மேல். பொறி தவறி, வண்டி இழுத்து இழுத்து நின்றுவிடும்.

இதற்கு ஓட்டுநர்கள் கண்டுபிடித்த மருந்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து நாலு பிளக்குக்கு நாலு வயர், காயிலுக்கு ஒன்று, ஆக ஐந்து. கையுறைக்கும் விரல் ஐந்து! நுனிகளை வெட்டி, விரலுக்கு ஒரு வயராக விட்டு, மணிக்கட்டுப் பக்கத்தை மூடியின்மேல் இழுத்துவிட்டால் முடிந்தது. எனக்குத் தெரிந்த மினிக்காரர்களில் இன்றும் டிக்கியில் ஒரு கையுறை வைத்திருப்பவர்கள் உண்டு.

கேள்வி: நாங்கள் கொண்டைஊசி வளைவிலேயே வாழ்கிறவர்கள். இங்கிலாந்தில் மலைச்சாலை என்று சொல்லும்படி ஏதாவது இருக்கிறதா?
- கோத்தகிரி வாசகர்

இருக்கிறது. வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியாவில் ஹார்ட்நாட் கணவாய். உயரம் 400 மீட்டருக்குக் கீழேதான், ஆனால் செங்குத்து, மூன்று அடி போனால் ஒரு அடி ஏற்றம். உங்கள் ஊர்ச் சாலைகளில் அவ்வளவு நிமிர்ந்த ஏற்றம் எங்கும் இருக்காது. ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம், எதிரில் வண்டி வந்தால் யாராவது பின்னால் போகவேண்டும். ஏறும்போது முதல் கியரைத் தவிர வேறெதுவும் வேலைக்கு ஆகாது. மைனரின் முதல் கியரில் சிங்க்ரோமெஷ் (கியர் பற்களின் வேகத்தை இசையவைத்துச் சேர்க்கும் அமைப்பு) கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் போடுவது சிரமம். அதனால் ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொண்டு, விடாமல் ஏறிவிட வேண்டும்.

எனக்குப் பயம் இறக்கத்தில்தான். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பிரேக் ஆயில் குழாய்த் தொடர். எங்காவது ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போய்விடும். டிரம் சூடேறினாலும் மிதி வெறுமனே போகும். மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டர் வேறு ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கார்பெட்டைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் ஆயில் அளவு தெரியும், அதனாலேயே பலர் பார்ப்பதில்லை. மற்ற கோளாறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம், பிரேக் விஷயத்தில் எந்தச் சலுகையும் கூடாது. மலைப்பக்கம் போவதற்கு முன் கார்பெட்டைத் தூக்காமல் நான் கிளம்புவதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் மைனர் இன்னமும் ஓடுது. உதிரிப்பாகங்கள் அங்கே லேசாகக் கிடைக்குமா?
- யாழ்ப்பாணம் வாசகர்

கிட்டத்தட்ட எல்லாமே கிடைக்கும். 16 லட்சம் வண்டி செய்தார்கள் அல்லவா, பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். இலங்கையில் செய்த தகரப் பாகங்களே இங்கே இறக்குமதி ஆகியிருக்கின்றன.

ஆனால் தரம்தான் எனக்கு ஆதங்கம். டிஸ்ட்ரிபியூட்டரின் சிறு பாகங்களான கண்டென்சர், ரோட்டார் இரண்டும் இப்போது விலை மலிவாக வருகின்றன, பார்க்கப் பழையது மாதிரியே இருக்கின்றன, சில மைல் ஓடியதும் சூட்டில் கைவிடுகின்றன. அறுபது வருடம் ஓடிய பாகம் நன்றாக இருக்கும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று அதைக் கழற்றிப் புதிதாகப் போட்டு, அதனாலேயே நடுவழியில் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் ஓடுகிற பழைய ரோட்டார் இருந்தால் தூக்கிப் போடவேண்டாம். மாற்றினாலும் பழையதைத் துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள்.

கேள்வி: லண்டன்-பிரைட்டன் பழைய கார் ஓட்டத்தில் நீங்கள் கலந்துகொள்வது உண்டா?
- மதுரை வாசகர்

முடியாது, அது 1905-க்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டும். காருக்கு முன்னால் ஒரு ஆள் நடந்து போகவேண்டும் என்றிருந்த விதி 1896 நவம்பரில் நீங்கியதைக் கொண்டாடும் ஓட்டம். நவம்பர் முதல் ஞாயிறு விடியற்காலையில் ஹைட் பூங்காவிலிருந்து கிளம்புவார்கள், ஏறக்குறைய 60 மைல். வழிநெடுக நின்று இலவசமாகப் பார்க்கலாம். தெற்கே ஏற்றங்கள் இருக்கும் பகுதியில் நில்லுங்கள். பயணிகள் இறங்கித் தள்ளுவதையும், சாலையோரத்தில் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சங்கிலி மாட்டுவதையும் அங்கேதான் பார்க்க முடியும்.

கேள்வி: அங்கே பழைய காருக்குத் தகுதிச் சான்றிதழே வேண்டாமாமே?
- திருச்சி வாசகி

ஆமாம். 40 வயது தாண்டிய, பெரிய மாற்றங்கள் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே முதல் வருடாந்திரப் பரிசோதனை கட்டாயமில்லை. நான் வருடா வருடம் பணம் கட்டிப் பரிசோதிக்கிறேன். வேறொருவர் கண் பார்ப்பது நல்லது. கூடவே பெட்ரோலையும் கவனிக்கவேண்டும். 2021-லிருந்து சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது பழைய ரப்பர் குழாய்களைக் கெடுத்துவிடும். விலை கூடினாலும் ஐந்து சதவீத வகையைத்தான் போடுகிறேன்.

கேள்வி: அப்பாவின் அம்பாசிடர் பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. ஓட்ட ஆசை. நேராக பேட்டரி மாற்றி ஸ்டார்ட் பண்ணலாமா?
- ஈரோடு வாசகர்

பண்ணாதீர்கள்! அம்பாசிடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாவது சீரிஸ்தான், அதன் 1489 சிசி என்ஜினும் எம்.ஜி.பி. விளையாட்டுக் காரின் 1798 சிசி என்ஜினும் ஒரே குடும்பம், அதனால் இங்கே நாங்கள் செய்வதே அங்கேயும் பொருந்தும். டாங்க்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். என்ஜின் ஆயிலை மாற்றி, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, கையாலேயே என்ஜினைச் சுற்றிப் பாருங்கள். சிரமமில்லாமல் சுற்றினால் அப்புறம் பேட்டரி. ரப்பர் பிரேக் ஹோஸ்களும் பிரேக் ஆயிலும் மாற்றாமல் ஷெட்டை விட்டு ஒரு அடிகூட நகர்த்தவேண்டாம். எந்த வருட மாடல், பெட்ரோலா டீசலா என்று எழுதவில்லையே. தொண்ணூறுகளுக்கு அப்புறம் வந்த இசுசு என்ஜின் என்றால் வேலை வேறு மாதிரி, தெரிவித்தால் அடுத்த இதழில் விவரமாகச் சொல்கிறேன்.