கை சுற்றிய படம், கால் காட்டும் வேகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்க் மக்களின் நடனங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 1920களில் எடுத்த மௌனப் படத்துண்டுகள் சிலவற்றைத் தேடிப் பார்த்தேன். ஏமாற்றம்தான். சாவி கொடுத்த பொம்மை மாதிரி வெடுக்வெடுக்கென்று துள்ளுகிறார்கள். என் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. இதை ஆட்டத்தின் பதிவு என்று எப்படிச் சொல்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பேத்தி சிரித்ததில் தப்பில்லை. தப்பெல்லாம் படத்தை ஓட்டிய வேகத்தில். அன்றைய கேமராவைக் கையால் சுற்றுவார்கள். ஒரு சுற்றுக்கு 8 பிரேம், அதாவது எட்டுத் தனிப்படங்கள், நொடிக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று, ஆக 16. அதைப் பேசும்படத்துக்குரிய 24 பிரேமில் ஓட்டினால் மனிதர் ஒன்றரை மடங்கு வேகத்தில் துள்ளாமல் என்ன செய்வார்?

சுற்றியவரின் கை முன்பின்னாக இருந்திருக்கலாம். புவியீர்ப்பு அப்படியில்லை. ஒருவர் ஒன்றரை அடி எம்பினால் அந்தரத்தில் இருப்பது சுமார் 0.6 நொடி. கால் தரையை விட்டதிலிருந்து திரும்பத் தொடும்வரை பிரேம்களை எண்ணுங்கள். பத்து வந்தால் 16 வேகத்தில் எடுத்த படம். எம்பலுக்கும் உதைக்கும் பாஸ்க் ஆட்டத்தில் பஞ்சமா என்ன! எண்ணப் பொறுமை இல்லையென்றால் பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்குங்கள். 24 பிரேம் 18 ஆகிவிடும், 16க்குப் பக்கம்தான், பொம்மை மனிதனாகிவிடும்.

தாளம் இல்லை என்கிறீர்கள். ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தீர்களா? இடது கையில் ச்சிஸ்து, மூன்றே துளையுள்ள குழல். வலது கையில் குச்சி, இடது கையிலிருந்து தொங்கும் சிறு மேளத்துக்கு. இரண்டையும் ஒரே ஆள்தான் வாசிப்பார். அந்தக் குச்சி இறங்குவதையும் பாதம் இறங்குவதையும் சேர்த்துப் பாருங்கள், தாளம் கண்ணில் விழும். பாட்டு போனது போனதுதான். சில பிரதிகளில் யாரோ பின்னாளில் இசையை ஒட்டியிருப்பார்கள். அது கிடக்கட்டும், ஒலியை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், இதை எடுத்தவர்கள் வேடிக்கைக்காக எடுக்கவில்லை. 1918இல் தொடங்கிய எவுஸ்கோ இகாஸ்குன்ட்சா என்ற பாஸ்க் ஆய்வுச் சங்கத்துக்காக, 1923 முதல் மானுவல் இன்சௌஸ்தி கிராம வழக்கங்களைப் படம்பிடித்தார்.

சுபெரோவா வட்டாரத்தின் மாஸ்கரடா ஆட்டம் எதிலாவது கிடைத்தால் விடாதீர்கள். இடுப்பில் பொய்க்குதிரை கட்டியவர், தரையில் வைத்த ஒயின் கிளாஸ்மேல் ஒற்றைக் காலில் ஏறி, சிந்தாமல் எம்பி இறங்குவார். குதிரையின் பாவாடை மறைப்பதால் கிளாஸ் அவர் கண்ணுக்கே தெரியாது. இதையும் 0.75இல் வையுங்கள், பேத்தியும் பக்கத்தில் இருக்கட்டும்.