தவறு செய்த கணத்தில் மூளையில் எழும் அலை

கேள்வி: நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறோம். முதுநிலை தட்டச்சுத் தேர்வுக்குப் பயிலும் என் 19 வயது மகளுக்கு, ஓர் எழுத்து மாறி விழுந்தாலும் உடனே மனம் திக்கென்கிறதாம். அடுத்த எழுத்துகளில் விரல் தயங்குகிறது. இது நரம்புக் கோளாறா? இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுக்க வேண்டுமா?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது நோயாகத் தோன்றவில்லை. தவறான விசையை விரல் அழுத்திய 50 முதல் 100 மில்லிநொடிக்குள் (ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது தாளில் விழுந்த எழுத்தைக் கண் படித்து முடிப்பதற்குள், நெற்றிக்குப் பின்னால் உச்சந்தலையை ஒட்டிய பகுதியில் ஓர் எதிர்மின் அலை எழுகிறது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டறிந்தன. மூளையின் நடுப்பிளவை ஒட்டி உள்ளே அமைந்த முன்புறச் சிங்குலேட் பகுதியே இதன் முக்கியப் பிறப்பிடம் என்று கருதப்படுகிறது. தவறியதை நாம் உணராதபோதும் இந்த அலை எழக்கூடும். சற்றுப் பின்னர், சுமார் 200 முதல் 400 மில்லிநொடியில் வரும் நேர்மின் அலைதான் "தவறிவிட்டேன்" என்ற உணர்வோடு நெருங்கிய தொடர்புடையது. தவறுக்குப் பின் கை சற்று மெதுவாவதும் 1960களிலிருந்தே அறியப்பட்ட இயல்புதான்.

மருத்துவமனையில் வழக்கமாக எடுக்கும் இஇஜியில் அந்த எதிர்மின் அலை தெரியாது. சில மைக்ரோவோல்ட் அளவே உள்ள இந்த அலை மூளையின் பிற மின்னலைகளுக்குள் மறைந்துவிடுவதால், ஆய்வகத்தில் ஒருவர் செய்யும் பல தவறுகளின் பதிவுகளைச் சேர்த்துச் சராசரி கண்ட பிறகே அது புலப்படும். நினைவு தப்புதல், கை கால் வெட்டி இழுத்தல் போன்றவை இருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

எண்ணச் சுழற்சி நோயிலும் (ஓசிடி; வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யத் தூண்டும் நோய்) பதற்ற நோய்களிலும் இந்த அலை பெரிதாக இருப்பது உண்மை. ஆனால் அலையின் அளவை வைத்து யாருக்கும் நோயை உறுதிசெய்வதில்லை. எண்ணச் சுழற்சி நோயிலிருந்து சிகிச்சையால் தேறிய குழந்தைகளிடமும் அது குறையாமல் இருந்திருக்கிறது. எனவே நான் கேட்பது வேறு: கதவுத் தாழ்ப்பாளை, அடுப்பை, எழுதி முடித்த தாளைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் செல்கிறதா? அப்படியானால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்; பேச்சுவழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் நன்றாகவே பலன் தருகின்றன.

அப்படி எதுவும் இல்லையென்றால் பயிற்சி தொடரட்டும். தவறுக்குத் தண்டனை கிடைக்கும் சூழலில் இந்த அலை வலுப்பெறுவதை ஆய்வுகள் காட்டியிருப்பதால், பிழைகளை எண்ணிக் கண்டிப்பதை வீட்டில் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.