தலையில் நீர் கோப்பதை முன்கூட்டியே அறிய முடியுமா?

கேள்வி: என் மகன் 28ஆவது வாரத்தில் 1,100 கிராம் எடையுடன் பிறந்தான். மூன்றாம் நாள் ஸ்கேனில், மூளைக்குள் மூன்றாம் நிலை ரத்தக்கசிவு என்றார்கள். தலையில் நீர் கோக்கலாம் என்று வாராவாரம் ஸ்கேன் எடுக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையிலேயே இதைக் கண்டுபிடிக்க முடியாதா டாக்டர்?

பதில்: அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை, அம்மா. ஆனால் உங்கள் கேள்வி சரியான கேள்வி. பல ஆண்டுகளாக அதற்குத்தான் விடை தேடுகிறார்கள்.

மூளையின் உள்ளறைகளில் ஊறும் நீர், மூளையைச் சுற்றி ஓடி, கடைசியில் ரத்தத்தில் கலந்துவிடும். கசிந்த ரத்தம் சிதையும்போது வெளிவரும் ஹீமோகுளோபினும் இரும்பும் அறைகளின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. ரத்தக்கட்டியும் தழும்பும் நீர் வடியும் வழியை அடைக்கின்றன. நீர் தேங்கி அறைகள் விரிகின்றன; இதைத்தான் தலையில் நீர் கோப்பது என்கிறோம். அப்போது அந்த நீரில் சில புரதங்கள் கூடுகின்றன: அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6, இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின், அமிலாய்டு முன்னோடிப் புரதம். கடைசியாகச் சொன்னது, அறைகள் விரிய விரியக் கூடுவதையும், நீரை வடித்தபின் குறைவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இதை அளக்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். ‘இந்த அளவைத் தாண்டினால் நீர் கோக்கும்’ என்று நம்பிச் சொல்ல ஓர் எண்ணும் இல்லை. இதற்காக மட்டும் குழந்தைக்கு ஊசி போடச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

வாராந்திர ஸ்கேனைச் சலித்துக்கொள்ளாதீர்கள். அது அல்ட்ராசவுண்ட்; அதில் கதிர்வீச்சு கிடையாது. குறைமாதக் குழந்தையின் மூளை மிருதுவானது. தலை பெரிதாவதற்குப் பல நாட்கள் முன்பே உள்ளறை விரிந்துவிடும். தலைச் சுற்றளவை அளக்கும் டேப் பிந்திச் சொல்வதை ஸ்கேன் முந்திச் சொல்லிவிடும். டேப்பும் முக்கியம்தான். புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்மண்டை அதிகம் புடைத்த இடத்தைச் சுற்ற வேண்டும். கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அளவு மாறிவிடும். வாரத்துக்கு ஒரு செ.மீ. அளவில் வளர்வது இயல்பு. 2 செ.மீ.யை நெருங்கினால் உடனே கவனிக்க வேண்டும். அழாமல் நிமிர்த்திப் பிடித்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, மூச்சு அடிக்கடி நின்று நின்று வந்தாலோ நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.

ரத்தக்கசிவு வந்த எல்லோருக்கும் ஷன்ட் (தேங்கும் நீரை உடலுக்குள்ளேயே வேறிடத்துக்கு வடிக்க, அறுவை சிகிச்சையில் வைக்கும் குழாய்) தேவைப்படாது. பல குழந்தைகளுக்கு விரிவு தானாகவே நின்றுவிடுகிறது. ஒருவேளை நீர் எடுக்க நேர்ந்தால், அதில் மொத்தப் புரதத்தை எப்படியும் பார்ப்பார்கள். அது அதிகமாக இருந்தால் ஷன்ட் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால், அளவு குறைந்து, எடையும் சுமார் 2 கிலோவைத் தாண்டும்வரை தற்காலிகமாக நீரை வடித்துச் சமாளிப்பார்கள்.

அடுத்த ஸ்கேனின்போது, ‘அறையின் அகலம் போன வாரம் எத்தனை மில்லிமீட்டர், இந்த வாரம் எத்தனை?’ என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.