ஒட்டகத்தின் மண்ணீரல் நுண்ணோக்கியில் மாட்டின் மண்ணீரலைப் போலத்தான் இருக்குமா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கால்நடை மருத்துவ முதுகலை படிக்கும்போது நானும் அப்படித்தான் எண்ணினேன். ஸ்லைடை வைத்தவுடன் எல்லோரும் நேரே நடுப்பகுதிக்குப் போய்விடுகிறோம். அங்கே ஊதா நிறத்தில் லிம்போசைட்டுகள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) திரண்ட வெண்கூழ், அதைச் சூழ்ந்து சிவப்பணுக்கள் நிறைந்த செங்கூழ். மற்ற பாலூட்டிகளிலும் பார்ப்பதுதானே!

ஒட்டகத்தின் மண்ணீரலை ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். மேசன் டிரைகுரோம் சாயமேற்றிய ஸ்லைடு கிடைத்தால் இன்னும் நல்லது. தடித்த உறையின் வெளிப்பக்கத்தில் கொலாஜன் நார்கள் நீலமாகவும், உட்பக்கத்தில் மென்தசை சிவப்பாகவும் பட்டை பட்டையாகத் தெரியும். அந்த உறையிலிருந்து தூண்கள் உள்ளே இறங்கிக் கிளைக்கின்றன. தடித்த தூண்களுக்குள் ரத்தக்குழாய்கள் உண்டு. மெல்லிய கிளைகளில் இல்லை. இப்போது உறைக்குச் சற்று அடியில் பாருங்கள். அங்கும், தூண்களை ஒட்டியும் ரத்தம் தேங்கும் சைனஸ் வெளிகள் வரிசையாக இருக்கும். மாட்டின் ஸ்லைடுகளில் இதை நான் கண்டதில்லை. முதன்முதலாகக் கண்ணில் பட்ட அன்று, வெட்டும்போது திசு கிழிந்துவிட்டதோ என்று அஞ்சி வேறு நான்கு ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தேன். நான்கிலும் அதே இடத்தில் அதே அமைப்பு.

ரத்தத்தைத் தேக்கி வைத்து, தேவைப்படும்போது தசை சுருங்கிப் பிழிந்து வெளியே அனுப்பும் உறுப்பு இது. அதன் உறையிலும் தூண்களிலும் இவ்வளவு தசை இருப்பதன் பொருள் அதுதான். சைனஸ்களில் உள்ள சிவப்பணுக்களையும் உற்றுப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். நீரின்றி வாடிய ஒட்டகம் ஒரே மூச்சில் ஏறக்குறைய 100 லிட்டர் குடித்தாலும், இரு மடங்குக்கு மேல் உப்பி வெடிக்காமல் தாங்குபவை இவைதான்.

இயல்பான அமைப்பைத் தெரிந்துகொள்வது வெறும் ஏட்டுப் படிப்பு அல்ல. ஒட்டகங்களை வாட்டும் சர்ரா நோயில் மண்ணீரல் வீங்கும். அந்த நோயின் ஒட்டுண்ணியை 1880இல் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தது, இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில். நல்ல மண்ணீரல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகியிருந்தால்தான் கெட்டதை இனங்காண முடியும்.

நீங்களே ஸ்லைடு தயாரிப்பதாக இருந்தால் ஒன்று: ரத்தம் நிறைந்த உறுப்பு என்பதால், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசல் உள்ளே மெதுவாகத்தான் இறங்கும். நான் முதலில் தடிமனாக வெட்டிப் போட்டதில் நடுப்பகுதி கூழாகிவிட்டது. அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். உறையோடு சேர்த்தே வெட்டுங்கள்.