மடிநோய்க்கு ஊசி இல்லாமல் முடியுமா?

கேள்வி: என் கறவை மாட்டுக்கு அடிக்கடி மடி வீங்குகிறது. ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் சில நாள் பாலைக் கொட்ட வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் சேர்த்து அரைத்தால் சிவப்பாக ஒரு விழுது வரும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே சொல்லும் முறைதான். பாலை முழுவதும் பீய்ச்சிவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை, 5 நாளுக்கு. காலையும் மாலையும் மட்டும் தடவிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம்! தினமும் புதிதாக அரையுங்கள். காய்ச்சல் அடித்தாலோ, மாடு தீவனம் எடுக்காவிட்டாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், அப்போது ஊசி தேவைதான். அப்புறம், கறந்த கையோடு மாட்டைப் படுக்க விடாதீர்கள், காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை அதன் வழியாகக் கிருமி மடிக்குள் போகலாம்.