கோடைக்கால இதய ஆய்வுப் பயிற்சி: எந்தத் தகுதியில் விண்ணப்பிப்பது?

கேள்வி: அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் வசிக்கிறேன், ஈராண்டுப் படிப்பு தரும் கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு உயிரியல் படிக்கிறேன். பெற்றோர் இருவரும் கல்லூரிக்குச் சென்றதில்லை. குறைந்த வருமானக் குடும்ப மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகை எனக்குக் கிடைக்கிறது. ஆய்வக அனுபவம் இல்லை. ஆய்வுத்துறையில் குறைவாக இடம்பெற்ற பிரிவினருக்கான இதய, ரத்த ஆய்வுப் பயிற்சிகளில் சேர இந்தியரான நான் விண்ணப்பிக்கலாமா?

பதில்: விண்ணப்பிக்கலாம், ஆனால் இந்தியர் என்ற அடிப்படையில் அல்ல. அமெரிக்கத் தேசிய இதயம், நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனத்தின் நிதியில் பல்கலைக்கழகங்கள் நடத்திவந்த இப்பயிற்சிகள் பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்கள் நீடிப்பவை. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ளவர்களுக்கே உரியவை. அவை நீண்டகாலம் பின்பற்றிய வரையறையில் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடியினர், பசிபிக் தீவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருடன் பின்தங்கிய சூழலில் வளர்ந்தவர்களும் அடங்குவர். ஆசிய வம்சாவளியினர் இனத்தின் பேரில் அதில் இல்லை. பின்தங்கிய சூழலுக்கான அடையாளங்களில் இரண்டு பொருந்தினால் போதும் என்றிருந்தது. பட்டம் பெறாத பெற்றோர், பெல் உதவித்தொகைக்கான தகுதி ஆகிய இரண்டுமே அப்பட்டியலில் இருந்தவை.

ஆனால் 2025இல் கூட்டரசின் கொள்கை மாறியதால் இத்தகைய நிதியுதவிகள் பலவும் நிறுத்தப்பட்டன, பல நிறுவனங்கள் தகுதி வாசகங்களைத் திருத்தின. எனவே பழைய அறிவிப்பை நம்பாமல், இவ்வாண்டுக்கு நிதி உறுதியாகிவிட்டதா, கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களைச் சேர்க்கிறார்களா என்ற இரண்டையும் ஒருங்கிணைப்பாளரிடம் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நான்காண்டுக் கல்லூரியில் பதிவு பெற்றவர்களை மட்டும் ஏற்கும் பயிற்சிகளும் உண்டு.

இப்பயிற்சிகளின் பின்னணியை அறிந்திருப்பது விண்ணப்பக் கட்டுரைக்கு உதவும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் ஊர்மக்களைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனிக்க 1948இல் தொடங்கிய ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வின் முதல் தலைமுறையில் 5,209 பேர் இருந்தனர். ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர். அந்தக் குறையை ஈடுசெய்ய, மிசிசிப்பியின் ஜாக்சன் பகுதியில் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 5,300க்கும் மேற்பட்டோரை 2000 முதல் 2004 வரை சேர்த்துத் தொடங்கப்பட்ட ஜாக்சன் இதய ஆய்வு, உள்ளூர் டூகலூ கல்லூரி மாணவர்களுக்கு ஆய்வுப் பயிற்சி அளிப்பதையும் தன் பணியாகவே வைத்துக்கொண்டது. நம்மவர் நிலை சற்று விசித்திரமானது: ஆய்வு செய்பவர்களில் நமக்குக் குறையில்லை, ஆய்வுக்கு உட்பட்டவர்களில் நெடுங்காலம் நாம் இல்லவே இல்லை. தெற்காசியர்களின் இதய நோயைத் தனியாகத் தொடர்ந்து ஆராயும் மசாலா (MASALA என்ற ஆங்கிலச் சுருக்கப் பெயர்) ஆய்வு 2010இல்தான் சான் பிரான்சிஸ்கோவிலும் சிகாகோவிலும் தொடங்கியது. உங்கள் ஆர்வம் குடும்பத்தில் கண்ட இதய நோயிலிருந்து பிறந்ததென்றால் அதை எழுதலாம். அனுதாபம் தேடும் தொனியில் அல்லாமல், எந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறீர்கள் என்பதாக எழுதுங்கள்.

ஆய்வக அனுபவம் இல்லாததைப் பெரிதாக எண்ண வேண்டாம். இப்பயிற்சிகள் அத்தகையோரையும் மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டவை. எந்த ஆய்வகத்தைத் தேர்கிறீர்கள் என்பதே முக்கியம். ஸ்டெம் செல்லிலிருந்து இதயத் தசை செல்களை வளர்த்து முதிர வைக்கவே பல வாரங்கள் பிடிக்கும். அப்பணியில் நுட்பம் கற்கலாம், முடிவு கையில் வராமல் போகலாம். அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களின் தரவையோ ஏற்கெனவே திரட்டப்பட்ட ரத்த அழுத்தப் பதிவுகளையோ புள்ளியியல் முறையில் ஆராயும் குழுவில் சேர்ந்தால் கோடை முடிவில் ஆய்வைச் சுவரொட்டியாக வைத்து விளக்கும் நிகழ்வுக்குப் போதிய முடிவு கிட்டும். முதல் பயிற்சிக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் முடிந்துவிடும். ஆகவே பரிந்துரைக் கடிதத்தைக் குளிர்கால விடுமுறைக்கு முன்பே கேளுங்கள். பெயர் பெற்ற மருத்துவர் ஒருவர் பட்டும் படாமலும் எழுதுவதைவிட உங்கள் வேலையை நேரில் கண்ட வேதியியல் பேராசிரியர் எழுதுவது வலுவானது. தேர்வானதும், மனிதர்களை உள்ளடக்கிய ஆய்வுக்கான இணையவழி நெறிமுறைப் பயிற்சியையும் மருத்துவமனை கேட்கும் தடுப்பூசிச் சான்றுகளையும் மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். இவை தாமதமானால் முதல் வாரங்கள் வீணாகும். உதவித்தொகையில் தங்குமிடச் செலவு அடங்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். அத்தொகை வரிக்கு உட்பட்டது என்றாலும் பல இடங்களில் முன்கூட்டியே வரி பிடிக்காமல் முழுதாகவே தருவார்கள் என்பதால், ஒரு பகுதியை எடுத்து வைப்பது நல்லது.