மரத்தைப் பலகையாக அறுக்க எந்தச் செயின்சா, எந்தச் செயின்?

கேட்பது நீளவாக்கில் பலகை அறுப்பதைப் பற்றி. அதற்கென்றே விற்கும் செயினுக்கு ரிப்பிங் செயின் என்று பெயர். சாதாரணச் செயினில் பல்லின் மேல்விளிம்பு சுமார் 30 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், இதில் 10 டிகிரிதான்.

ஏன் இந்த வித்தியாசம்? மரத்தின் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன, விளக்குமாற்றின் ஈர்க்குகள் மாதிரி. பக்கவாட்டில் ஒரு ஈர்க்கை நீவி உரிப்பது சுலபம், ஆனால் நுனியைச் சமமாகச் சீவ வேண்டுமென்றால் ஒவ்வொரு ஈர்க்கையும் தனித்தனியாக வெட்டியாக வேண்டும். பலகை அறுக்கும் சட்டத்தில் (செயின்சாவைப் பிடித்துக்கொண்டு மரத்தின் நீளத்துக்கு நகரும் சட்டம்) மாட்டிய செயின் முழு நேரமும் அந்த நுனிப்பக்க வேலையைத்தான் செய்கிறது, அதனால்தான் சீவல் வராமல் மாவு போன்ற தூள் கொட்டுகிறது. சாய்வு குறைந்தால் பல் பக்கவாட்டில் இழுக்காது, பலகை வழவழப்பாக வரும்.

மெஷின் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முழு வேகத்தில் நிமிடக்கணக்கில் ஓட வேண்டியிருப்பதால் குறைந்தது 70 சிசி, அகலமான கட்டைக்கு ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 661 (91.1 சிசி) மாதிரியானது நல்லது. பிளேடு, அதாவது செயின் சுற்றி ஓடும் தகடு, கட்டையின் அகலத்தைவிடச் சில அங்குலம் கூடுதல் நீளமாக இருக்கட்டும், சட்டத்தின் பிடிப்பே கொஞ்சம் தின்றுவிடும். அப்புறம், ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் உடனே அணைக்காமல் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு சூடு தணியவிடுங்கள்.

ரிப்பிங் செயின் போட்டால் வேகமாக அறுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது தருவது நேர்த்தியான பரப்பு, வேகத்துக்கு மெஷினின் பலமும் கூர்மையான பல்லும்தான் வேண்டும்.